பதினான்கு நாள் தண்ணீர்

"கைய எடு மாமா, கைய எடு" என்று கத்திக்கொண்டே ஜெயராணி வரப்பில் ஓடினாள்.

அவள் புருஷன் தேவசகாயம் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

சோலார் தட்டுகளுக்குக் கீழே இரும்புக் காலில் முடுக்கியிருந்த சாம்பல் நிறப் பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் போன வலது கை கட்டிங் பிளேயரோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்க, உடம்பு மட்டும் வெடவெடவென்று ஆடியது. பற்கள் கிட்டித்திருந்தன. கண் அவள் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் அவளைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சோற்றுத் தூக்கை அப்படியே போட்டுவிட்டு அவள் முதலில் ஓடியது மோட்டார் கொட்டகைக்குத்தான். மெயின் ஸ்விட்சைப் பிடித்துக் கீழே இழுத்தாள். இழுத்த பிறகுதான் உறைத்தது. பன்னிரண்டு மணிக்கே கரண்ட் போய்விட்டது. இனி ஒரு மணிக்குத்தான் வரும். இல்லாத கரண்டை எங்கே நிறுத்துவது?

'வெயில் பட்டா கரண்ட்டும்மா. இதுக்கு ஈபி ஆபீசும் கெடையாது, கட்டும் கெடையாது.' தட்டுகளை மாட்டிய அன்று இன்ஜினியர் பழனிவேல் சொன்னது மண்டைக்குள் அடித்தது. அப்படியானால் வெயிலைத்தான் நிறுத்த வேண்டும்.

பறித்த கீரைக்கட்டுகளை மூடி வைக்கும் நீலத் தார்ப்பாய், புயல் நிவாரணத்தில் கொடுத்தது, தொட்டியோரம் கிடந்தது. அதை வாரிக்கொண்டு போய்ப் பின்வரிசைத் தட்டுகளின் மேல் வீசினாள். காற்று இல்லாத நேரம். தார்ப்பாய் ஒரே வீச்சில் விரிந்து, ஆறு தட்டுகளையும் மூடிக்கொண்டு விழுந்தது.

தேவசகாயம் மூட்டை சரிவதுபோல் மண்ணில் சரிந்தான்.

முன்வரிசை ஆறு தட்டும் வெயிலில் பளபளவென்று அப்படியே கிடந்தன. அதைக் கவனிக்கிற நிலைமையில் அவள் இல்லை.

"மாமா. மாமா, என்னப் பாரு."

"பாக்கறேன்டி. அறையாத."

"யாரு அறைஞ்சா?"

"நீதான். ரெண்டு தடவ."

உள்ளங்கையில் இரண்டு இடத்தில் தோல் வெளுத்துக் கருகியிருந்தது. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். குதிரை ஓடியது. ஆனாலும் ஒழுங்காக ஓடியது. முந்தானையை நனைத்து அவன் முகத்தைத் துடைத்தாள்.

"இருபது வருசமா ஒயர் புடிக்கிற ஆளு. இதுல போயி கைய வக்கிறியே."

"கரண்டு போயிடுச்சுன்னுதான் வச்சேன்."

அந்த வருஷம் கடலூரில் எல்லாரும் அப்படித்தான் வேலை பார்த்தார்கள். ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. ஃபேன் மாட்ட வேண்டுமா, ஸ்விட்ச் மாற்ற வேண்டுமா, 'கரண்ட் போவட்டும், வந்து செய்யறேன்' என்பதுதான் எலக்ட்ரீசியன் பேச்சு. கட் நேரம் என்றால் கையை வைக்கிற நேரம். தேவசகாயமும் பன்னிரண்டு அடிக்கிற வரைக்கும் புடலைப் பந்தல் நிழலில் குந்தியிருந்து, கொட்டகை பல்பு அணைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதன்பிறகுதான் பெட்டியைத் திறந்திருக்கிறான். மே மாதம், அக்னி நட்சத்திரம், உச்சிப்பொழுது. அந்தத் தட்டுகள் முழு மூச்சில் கரண்ட் விடுகிற நேரம் அதுதான்.

"அது சரி, எதுக்குத் தொறந்த?"

"சும்மா. என்னா வச்சிருக்கான்னு பாத்தேன்."

"சும்மாவா?"

கருகிய கையை நீட்டிப் பெட்டிக்குக் கீழே காட்டினான். மண்ணில் ஈயச் சீலும் அறுந்த கம்பியும் கிடந்தன.

ஜெயராணி குனிந்து பார்த்தாள். யாரும் உடைக்கவே கூடாத சீல்.

செம்மண்டலத்துக்கு மேற்கே கெடிலக் கரையோரம் ஒன்றரை ஏக்கர். இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்து செய்கிற கூட்டுத்தோட்டம். ஆளுக்கு எட்டுப் பாத்தி. அரைக்கீரை, தண்டுக்கீரை, கத்தரி, வெண்டை, பந்தலில் புடலை. விடிந்ததும் பறித்து உழவர் சந்தைக்கு ஏற்றினால் பத்து மணிக்குள் காலி. குறை சொல்ல ஒன்றுமில்லை, தண்ணீரைத் தவிர.

பழைய போர் மோட்டாருக்கு மூணு பேஸ் கரண்ட் வேண்டும். அது வருகிற நேரம் நடுராத்திரி, இரண்டிலிருந்து நாலு வரை. அந்த நேரத்துக்கு எழுந்து போய் மோட்டாரைப் போட்டு, தொட்டி ரொம்பும் வரை காவல் இருந்து நிறுத்த வேண்டும். அதற்கு முறை போட்டிருந்தார்கள். ஒரு முறைக்கு இரண்டு பேர். பதினோரு நாளைக்கு ஒருதரம் திரும்ப வரும். பதினோரு நாள் என்பது கேட்கத்தான் நீளம். உடம்பு சரியில்லாதவள் முறை, ஊருக்குப் போனவள் முறை எல்லாம் செயலாளர் தலையில் விழும். ஜெயராணிதான் செயலாளர். சந்தையில் தராசைப் பிடித்தபடியே தூங்கி, இரண்டு கிலோ வெண்டையை மூன்று கிலோ என்று போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அப்புறம்தான் தொண்டு நிறுவனம் ஒன்று புதுச்சேரியிலிருந்து வந்து, புது போர் இறக்கி, புதுத் தொட்டி கட்டி, பன்னிரண்டு தட்டு வைத்துச் சோலார் பம்ப் மாட்டியது. பழனிவேல் அவர்களுடைய இன்ஜினியர். ஒப்படைத்த அன்றைக்கே ஒரு தாளைப் படித்துக் காட்டினான். பதினைந்து நாள் சோதனை. அதற்குள் போரில் தண்ணீர் போதவில்லை என்று தெரிந்தாலும், பெட்டியின் சீலை வெளியாள் யாராவது உடைத்தாலும், செட்டைக் கழற்றிப் பட்டியலில் அடுத்து இருக்கிற தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்து இருந்தது கம்மாபுரம் பக்கத்துத் தோட்டம். 'அவுங்க தெனம் போன் பண்றாங்கம்மா' என்றான். ஜெயராணி கையெழுத்துப் போட்டாள்.

அதன்பிறகு தினமும் விடிகாலை வந்து பார்த்தால் தொட்டி தளும்ப நிற்கும். வெயில் ஏறுவதற்குள் பாய்ச்சிவிட்டுப் போவார்கள். சாயந்திரம் நாலு மணிக்கு வந்து களை எடுப்பார்கள். பம்ப் சத்தமில்லாமல் இருக்கும். தொட்டி ரொம்பினால் தானாக நின்றுவிடும் என்று பழனிவேல் சொல்லியிருந்தான். இருபத்திரண்டு பேரும் பதினான்கு நாளாக ராத்திரியில் தூங்கினார்கள்.

நாளைக் காலை பழனிவேல் சோதனைக்கு வருகிறான். இன்றைக்குச் சீல் மண்ணில் கிடக்கிறது.

செம்மண்டலத்து டாக்டரிடம் மருந்து போட்டுக் கட்டுக் கட்டிக்கொண்டு வந்தார்கள். "எதுலப்பா சுட்டுக்கிட்ட?" என்று டாக்டர் கேட்டதற்குச் "சால்டரிங்" என்றான் தேவசகாயம், கண்ணைக்கூட இமைக்காமல். பிறகு இடது கையால் போனை எடுத்து, செம்மங்குப்பம் கம்பெனி சூப்பர்வைசருக்கு இரண்டாம் ஷிப்டுக்கு வரமுடியாது என்று சொன்னான். காண்ட்ராக்ட் வேலை. வலது கை இல்லாத எலக்ட்ரீசியனை எத்தனை நாளைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

நண்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து உருட்டி வைத்தாள். ஸ்பூனால் எடுத்துத் தின்றான்.

"எதுக்குத் தொறந்தேன்னு எங்கிட்டயாவது சொல்லு."

"சொல்லிட்டனே, சும்மான்னு."

"நாளைக்கு அந்த சார் கேட்டா நான் என்னா சொல்றது?"

"ஒன்னும் சொல்லாத. நீ வாயத் தொறந்தாலே உண்மதான் வரும். குழம்பு ஊத்து."

சாயந்திரம் நாலு மணிக்குக் கொளஞ்சியம்மாள்தான் முதலில் பார்த்தாள். குழுத் தலைவி அவள். ஐம்பது வயது, கண் மட்டும் இருபது.

"ஏ ராணி, இங்க வா. என்னாடி இது, பொட்டி வாயப் பொளந்துகினு கெடக்குது?"

ஜெயராணி நடந்ததைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. பெண்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். கை எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டார்கள். அது முடிந்தது. அப்புறம் ஆரம்பித்தது.

"தம்பிக்கு இன்னா வேல அதுல?" என்றாள் ராஜாமணி. "அவுரு செம்மங்குப்பத்துல புடுங்கற ஒயரு போதாதா?"

"ஊடு தோட்டத்த ஒட்டியே கெடக்குது. ஒரு ஒயர இழுத்தா ஃபேன் ஓடும். வெக்கையா இல்ல, அடிக்குது?" என்றாள் மலர்க்கொடி.

"எங்க ஊட்டு ஃபேன் ஓடி நீ பாத்தியாக்கா?" என்றாள் ஜெயராணி.

"ஓடல. ஓட்டலாம்னு நெனச்சிருப்பாருன்னுதான் சொல்றேன். கோச்சுக்காத."

கொளஞ்சியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் பத்துப் பாத்தி தூரம் கேட்கிற குரல்.

"நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன் ராணி. எங்க ஊட்டுக்காரரு ராத்திரியில ஒன்னுக்குப் போவ எழுந்திருக்கறவரு. ரெண்டு மூணு நாளு பாத்திருக்காரு. உம் புருசன் நடு ராவுல தோட்டத்துல டார்ச் அடிச்சிகினு திரியறாராம்."

"வெக்கைக்கு வெளிய கட்டில் போட்டுப் படுக்கறாருக்கா."

"கட்டில் ஊட்டு வாசல்ல. டார்ச் தோட்டத்துல."

ஜெயராணிக்கே அந்தச் சந்தேகம் மதியத்திலிருந்து உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் சுருட்டி வைத்த புது ஒயரை அவளும் பார்த்திருந்தாள். மகள் ரேகாவுக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற மாதம். வீட்டுக்கு இன்வெர்ட்டர் கேட்டு அடம் பிடித்துக்கொண்டிருந்தாள். மகளுக்காகக் கொக்கி போடப் பார்த்தானா? தோட்டத்துச் சாமானில்? இருபத்தொரு பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

"இப்ப ஞாயம் பேசற நேரம் இல்ல" என்றாள் கொளஞ்சியம்மாள். "நாளைக்கு என்னா சொல்றது, அதச் சொல்லுங்க."

"கொரங்கு உடச்சிடுச்சுன்னு சொல்லலாம்."

"கெடிலத்துல கொரங்கு எங்கடி இருக்குது?"

"சிதம்பரத்துலேருந்து வந்துச்சுன்னு சொல்லேன்."

"ஆமா, அஞ்சே கால் பஸ் புடிச்சு வந்துச்சு."

அந்த நிலைமையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். ராஜாமணி வேறு யோசனை சொன்னாள். "திருட்டுப் பய எவனோ தட்டக் கழட்ட வந்தான், நாம சத்தம் போட்டதும் ஓடிட்டான். இது நல்லா இருக்குது. சாமானக் காப்பாத்துனவங்கன்னு ஆயிடும்."

எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. திருடன் எந்தப் பக்கம் வந்தான், எந்தப் பக்கம் ஓடினான், சட்டை என்ன நிறம் என்பது வரை பேசி முடித்தார்கள். சட்டை இல்லை, கைலி மட்டும் என்று முடிவானது. சொல்ல வேண்டியது செயலாளர்.

"எனக்கு வராதுக்கா" என்றாள் ஜெயராணி.

"வரவழை. இல்லேன்னா நடு ராத்திரிக்கு முறை போடு. இந்த வாட்டி ஒவ்வொரு நாளும் உம் பேருதான் மொதல்ல வரும்."

அதில் கோபம் இருந்தது. நியாயமும் இருந்தது.

காலை ஏழரைக்கு பைக் வந்து நின்றது. பழனிவேல் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கொளஞ்சியம்மாள் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டு நேரே தட்டுகளுக்கு நடந்தான். பெண்கள் பாத்திகளில் குனிந்திருந்தார்கள். ஒருத்தி கையும் வேலை செய்யவில்லை.

"சீல் எங்கம்மா?"

ஜெயராணி வாயைத் திறந்தாள். திருடன், கைலி, ஆற்றுப் பக்கம். எல்லாம் வரிசையாகத் தொண்டையில் நின்றது.

"எங்க ஊட்டுக்காரரு தொறந்துட்டாரு சார்."

பின்னால் ராஜாமணி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

"எதுக்கு?"

"தெரியல சார். சொல்ல மாட்டேங்கறாரு. ஷாக் அடிச்சிடுச்சு. கை ஒட்டிகிச்சு."

பழனிவேல் டீயைக் கீழே வைத்தான். முகம் மாறிவிட்டது. "எரநூறு வோல்ட்டுக்கு மேலம்மா அது. புடிச்சா விடாது. ஆள் போயிருப்பாரு. அன்னிக்கே அவ்ளோ சொன்னேன்."

"அவரு அன்னிக்கு ஷிப்ட்டுல இருந்தாரு சார். கட் நேரந்தானேன்னு கைய வச்சுட்டாரு."

"நான் என்னாம்மா பண்றது இப்ப? ரிப்போர்ட்ல எழுதியாவணும். எழுதுனா நாளைக்கே லாரி வந்து நிக்கும்." பையிலிருந்து தாள்களை எடுத்தான். பேனாவைத் திறந்தான். எழுதாமல் நிமிர்ந்தான். "கை ஒட்டிகிச்சுன்னீங்களே, எப்டி விட்டுச்சு?"

"தார்ப்பாய போட்டு மூடுனேன் சார்."

"ரெண்டு வரிசையுமா?"

"ஒரு தார்ப்பாய்தான் இருந்துச்சு. பின்னால இருக்கறத மட்டும் மூடுனேன். உடனே உழுந்துட்டாரு."

"பின்வரிசை மட்டும்?"

"ஆமா சார்."

"நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. முன்னால வெயில் இருந்துச்சா?"

"பளபளன்னு கெடந்துச்சு சார்."

"அது எப்டிம்மா. ரெண்டு வரிசையும் ஒரே எடத்துலதான் வந்து சேருது. ஒன்ன மூடுனா இன்னொன்னு அடிக்குமே. கைய விட்டிருக்கக் கூடாதே." அவன் இவளிடம் பேசவில்லை, தனக்குத் தானே பேசினான். பேனாவை மூடிச் சட்டையில் செருகிவிட்டு, ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு முன்வரிசைக்குக் கீழே படுத்தான். மீட்டரை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். ஒயரைப் பிடித்துக்கொண்டே தட்டுத் தட்டாகத் தவழ்ந்து போனான். நாலாவது தட்டில் நின்றுவிட்டான்.

'டக்' என்று ஒரு சத்தம்.

எழுந்தபோது முதுகெல்லாம் மண். தட்டிக்கொள்ளவில்லை.

"ஒயர ஒயரோட சேக்கற கனெக்டர் உள்ள அழுந்தவே இல்ல. சும்மா ஒட்டிகினு இருந்துருக்குது" என்றான் மெதுவாக. "எங்க ஆளுங்க செஞ்ச வேல. முன்வரிசை மாட்டுன நாள்லேருந்தே செத்துக் கெடக்குது."

"அப்டின்னா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"பாதிதான் ஓடியிருக்குது. நீங்க மட்டும் தார்ப்பாய் கதையச் சொல்லலேன்னா, தண்ணி வரத்து கம்மின்னு பாத்துட்டு, போர் சரியில்லன்னு எழுதிட்டுப் போயிருப்பேன்." தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தான். "சீல் எங்கிட்ட இன்னொன்னு இருக்குது. போட்டுர்றேன். எங்க தப்ப நான் எழுதல, உங்க தப்பயும் எழுதல. இனிமே யாரும் தொடக் கூடாது. கட் நேரமா இருந்தாலும்."

பாத்திகளில் குனிந்திருந்த முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ராஜாமணி வந்து ஜெயராணியின் தோளில் இடித்தாள். "கைலிக்காரன் பொழச்சான் போ."

ஜெயராணி சிரிக்கவில்லை. பம்ப் இங்கேயே இருக்கும், கம்மாபுரத்துக்குப் போகாது. அது போதும்தான். ஆனாலும் வீட்டிலிருக்கிற ஆள் எதற்காகப் பெட்டியைத் திறந்தான் என்பது இன்னும் அங்கேயே கிடந்தது. மற்றவர்களும் அதைத்தான் நினைக்கிறார்கள் என்று அவர்கள் பார்க்கிற பார்வையிலேயே தெரிந்தது.

தேவசகாயம் வேலியோரம் வந்து நின்றிருந்தான். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்திருந்தான். லாரி வருகிறதா என்று பார்க்க வந்தவன் மாதிரி இருந்தது.

பழனிவேல் கொட்டகைக்குள் போய்க் கட்டுப்பாட்டுப் பெட்டியின் சின்னத் திரையை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று தலையை வெளியே நீட்டினான்.

"யம்மா, தெனம் தண்ணி பாய்ச்சினீங்கதானே?"

"பாய்ச்சாம? பாரு, எப்டி நிக்குது கீரை" என்றாள் மலர்க்கொடி.

"தொட்டி ரொம்புச்சா?"

"தெனம் விடிகாலையில தளும்பி நிக்கும் சார்" என்றாள் ஜெயராணி.

"அதான் புரியல. இந்த பம்ப் ஓடுன நேரம் இதுல ஏறும். பாதித் தட்டுல உச்சி வெயில் நேரத்துக்குத்தான் ஓடும். பதினாலு நாளைக்கும் சேத்து பதினோரு மணி நேரம்தான் ஓடியிருக்குது. தொட்டியில கால் பங்குகூட ரொம்பாது ஒரு நாளைக்கு." வெளியே வந்து தொட்டியின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தான். தண்ணீர் கழுத்து மட்டத்தில் நின்றது. "இன்னிக்கும் முக்கால் தொட்டி நிக்குது. இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு கொளஞ்சியம்மாள் மெல்லத் திரும்பி வேலிப் பக்கம் பார்த்தாள். அவள் பார்த்ததும் எல்லாரும் பார்த்தார்கள். கடைசியாக ஜெயராணி பார்த்தாள்.

தேவசகாயம் மண்ணைப் பார்த்தான்.

"மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு" என்றான். "ஞாயித்துக்கிழம லீவுல வந்து பாத்தேன். மத்தியானம் ஒரு மணி நேரம் ஊத்துச்சு, நின்னுடுச்சு. தண்ணி போதலன்னு தெரிஞ்சா கழட்டினு போயிடுவாங்கன்னு இவ சொல்லியிருந்தா. நம்மளே சரி பண்ணிடலாம்னு ஒயரு கூட வாங்கி வச்சேன். எங்க கோளாறுன்னு புடிபடல. நேத்தோட நாளு முடியுது, வேற வழியில்ல, தொறந்துட்டேன்."

"எங்கிட்ட சொல்ல என்னா?" என்றாள் ஜெயராணி.

"சொன்னா நீ மறு நிமிசம் இவுருக்குப் போன் போட்டிருப்ப. இப்ப பண்ணியே, அதே மாதிரி."

"அது இருக்கட்டும் தம்பி" என்றாள் கொளஞ்சியம்மாள். "தண்ணி எப்டி வந்துச்சு?"

அவன் கட்டுக் கையால் தோட்டத்தின் கோடியைக் காட்டினான். பழைய போர். அந்த மோட்டாரின் பெட்டியைப் பதினான்கு நாளாக ஒருத்தியும் திறந்து பார்க்கவில்லை.

"ரெண்டு மணிக்கு மூணு பேஸ் வருது. போட்டுட்டு, நாலு மணிக்கு நிறுத்துவேன். மொத ரெண்டு நாளு சும்மாதான் போட்டேன், புதுத் தொட்டி சிமிட்டி காயாம இருக்கட்டும்னு. அப்புறம் தெனம். நேத்து ராத்திரி இடது கையால போட்டேன்."

"எங்கள எழுப்பியிருக்கலாம்ல?" என்றாள் ராஜாமணி.

"யாரன்னு எழுப்பறது? அன்னிக்கி முறை யாருதுன்னு எனக்கு என்னா தெரியும்?" என்றான் தேவசகாயம். "அதான் எல்லாரு முறையையும் நானே பாத்துட்டேன்."